கரைக்கும் கப்பலுக்கும் நடுவே

சக்கர நாற்காலியில் கடற்பயணம்: அறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் குமரி மாவட்டக் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கன்னியாகுமரி படகுத்துறை. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வரிசை வாசலைத் தாண்டி நீண்டுவிட்டது. சங்கு மாலையும் வண்ண மணல் பொட்டலமும் விற்பவர்கள் வரிசையோடு வரிசையாக நடந்துவருகிறார்கள். குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், வீல்சேரில் அம்மா. அறுபதைத் தாண்டியவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது.

துறையோரம் படகு நிற்கிறது. ஆனால் அசையாமல் நிற்கவில்லை. அலை உள்ளே வரும்போது விளிம்பு துறையின் மட்டத்துக்கு மேலே எழும்புகிறது, அடுத்த நொடி கீழே இறங்குகிறது. ஊழியர்கள் இருபுறமும் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து, படகு மேலே வரும் நேரம் பார்த்து உள்ளே அனுப்புகிறார்கள். பழகிய கைகள். சின்னப் பிள்ளைகளைத் தூக்கி, முதியவர்களைத் தாங்கி, பொறுமையாக ஏற்றுகிறார்கள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு மகனிடம், "நீங்க போயிட்டு வாங்க மக்கா, நான் இங்கன இருந்துக்கிடுதேன்" என்கிறார்.

மகன் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். அடுத்த விடுமுறைக்கு மொத்தக் குடும்பத்தையும் சொகுசுக் கப்பலில் அழைத்துப்போகும் யோசனையில் இருக்கிறார். "இந்தப் படகுல ஏற முடியலன்னா என்ன, பெரிய கப்பல்ல எல்லா வசதியும் இருக்கும்லா?"

இன்று பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. இருக்கும். ஆனால் எந்தக் கப்பலில், எந்த அறையில், யாருடைய உடம்புக்கு ஏற்றபடி என்று அளந்து கேட்டால்தான் கிடைக்கும். விளம்பரப் படத்தில் இருக்கும் வீல்சேர் சின்னத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

கப்பல் பக்கத்தில் வந்துவிட்டது

பத்தாண்டுகளுக்கு முன்புவரை சொகுசுக் கப்பல் என்றால் சிங்கப்பூருக்குப் போய் ஏற வேண்டும் என்பதுதான் நம்மவர்களின் எண்ணம். 2021 பிப்ரவரியில் கொச்சி வில்லிங்டன் தீவில் 'சாகரிகா' என்ற பயணிகள் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. 2022 ஜூன் 4 அன்று கார்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பல்கள் எப்போதும் உண்டு. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் கொச்சி ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

கடலை நம்பியே வாழும் மாவட்டம் இது. ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை வரிசையாக மீனவ ஊர்கள். வணிகக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்கள் பல தெருக்களில் உண்டு. இதே மாவட்டத்தில்தான் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள், ஆழ்கடல் விசைப்படகில் அடிபட்டவர்கள், இருசக்கர வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் வீட்டுத் திண்ணையோடு முடங்கிக் கிடக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர் என்கிறது. வயதாகி, மூட்டு தேய்ந்து, சர்க்கரையால் காலை இழந்து வீல்சேருக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கடலில் உழைத்த ஒருவர், உடம்பு விழுந்த பிறகு பேரப் பிள்ளைகளோடு ஒருமுறை கடலில் போய்வர விரும்பினால் அது ஆடம்பரம் அல்ல.

81 சென்டிமீட்டர்

கணக்கு கதவிலிருந்து தொடங்குகிறது. பல சொகுசுக் கப்பல்களில் சாதாரண அறையின் கதவு 55 முதல் 60 செ.மீ. அகலம்தான் இருக்கும். நம்மூர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மடக்கு வீல்சேரின் வெளி அகலம் ஏறக்குறைய 60 முதல் 68 செ.மீ. நாற்காலி உள்ளேயே போகாது. வெளிநாட்டு நிறுவனங்கள் வீல்சேர் அறை என்று தரும் அறைகளில் கதவின் திறப்பு குறைந்தது 32 அங்குலம், அதாவது 81 செ.மீ. இருக்கும். இந்தியாவின் கட்டட வழிகாட்டி நெறிகள் கேட்பது 90 செ.மீ.

81 செ.மீ. போதுமா? தானே சக்கரத்தைக் கையால் தள்ளிப் போகிறவருக்கு இருபுறமும் விரல் முட்டிகளுக்கு இடம் வேண்டும். 66 செ.மீ. நாற்காலிக்குப் பக்கத்துக்கு 5 செ.மீ. சேர்த்தால் 76. அந்தக் கணக்கில் 81 போதும். ஆனால் கதவு முழுதாகத் திறந்த நிலையில் மிஞ்சும் அகலம்தான் அந்த 81-ஆ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கதவுப் பலகையின் அகலத்தைச் சொல்லிவிட்டால், சட்டமும் கீலும் கதவின் தடிமனும் சேர்ந்து அதில் நாலைந்து சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும்.

"நாற்காலியை மடக்கி வெளியே நடையில் வைத்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். கப்பலில் அது நடக்காது. அவசர நேரத்தில் எல்லாரும் ஓட வேண்டிய பாதை அது. வீல்சேரோ பேட்டரி ஸ்கூட்டரோ எதையும் அங்கே நிறுத்த விடமாட்டார்கள், அறைக்குள்ளேதான் வைத்தாக வேண்டும். சாதாரண அறையை எடுத்துவிட்டு எப்படியாவது சமாளிக்கலாம் என்று போகும் குடும்பங்கள் முதல் நாளிலேயே திணறுவது இதனால்தான்.

கோலப்பொடியால் ஒரு குளியலறை

அறையைவிடக் குளியலறைக்குத்தான் அதிக நேரம் செலவிட்டு விசாரிக்க வேண்டும். பயணம் சந்தோஷமாக இருக்குமா, அவமானமாக முடியுமா என்பது அந்தச் சின்ன இடத்தில்தான் தீர்மானமாகிறது.

சாதாரணக் கப்பல் குளியலறையில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் ஒரு தடுப்பு உண்டு. அரையடி உயரம்வரை இருக்கும். அரையடிதானே, சாய்பலகை போட்டு ஏற்றிவிடலாம் என்று தோன்றும். சாய்தளத்துக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 செ.மீ. ஏற வேண்டுமானால் 180 செ.மீ. நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். ஆறடிப் பலகையை விரிக்க அந்த அறையில் இடம் ஏது? அதனால் தடுப்பே இல்லாத, தரை ஒரே மட்டத்தில் ஓடும் குளியலறைதான் வேண்டும். நாற்காலியோடு நேராக ஷவருக்கு அடியில் போய்விடலாம்.

உள்ளே போனபின் திரும்ப முடிய வேண்டும். ஒரு வீல்சேர் முழு வட்டம் திரும்ப 150 செ.மீ. விட்டம் தேவை. எண்ணாகச் சொன்னால் இது மனதில் பதியாது. வீட்டு முற்றத்திலோ ஹாலிலோ கோலப்பொடியால் ஐந்தடி விட்டத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். கப்பல் நிறுவனம் அனுப்பிய குளியலறை வரைபடத்தில் உள்ள அளவுகளைத் தையல் டேப் வைத்து அளந்து, கழிப்பறைக் கோப்பை இருக்கும் இடத்தில் ஒரு முக்காலி, வாஷ்பேசின் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூல், கதவு இருக்கும் இடத்தில் இரண்டு செங்கல் என்று வையுங்கள். பிறகு அம்மாவையோ அப்பாவையோ அதில் ஒருமுறை நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்பச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது, எந்தப் பக்கம் கை எட்டவில்லை என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன் செய்யக்கூடிய ஆகச் சிறந்த சோதனை இது. செலவு ஒரு கைப்பிடிக் கோலப்பொடி.

பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் ஒரு விஷயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இடப்பக்கம் விழுந்தவர் வலக் கையை ஊன்றி, வலப்பக்கமாகத்தான் நாற்காலியிலிருந்து கோப்பைக்கு மாறுவார். உட்கார்ந்த நிலையில் கோப்பைக்கு எந்தப் பக்கம் காலி இடம் இருக்கிறது, எந்தப் பக்கம் சுவர் இருக்கிறது என்பது அப்போது எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிடுகிறது. படம் பார்த்தால் கம்பி, கைப்பிடி எல்லாம் பளபளவென்று இருக்கும். அவருக்குத் தேவையான பக்கத்தில் சுவர் இருந்தால் அந்த அறையால் அவருக்குப் பயனில்லை. ஒரே கப்பலில் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள அறைகள் பல நேரம் இடம் வலமாக மாற்றி அமைக்கப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் காலி இடம் வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் ஏற்ற அறையைத் தேடித் தருவார்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களையும் யோசிக்க வேண்டும். கழுவுவதற்குக் கைத்தெளிப்பான் இருக்கிறதா, இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுமா? கோப்பையின் உயரம் 43 முதல் 48 செ.மீ.க்குள் இருந்தால் நாற்காலியிலிருந்து மாறுவது எளிது. ஷவரில் மடக்கு இருக்கை சுவரோடு இருக்கிறதா, இல்லை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்களா? ஆடும் கப்பலில், ஈரத் தரையில், பிளாஸ்டிக் ஸ்டூல் ஆபத்து.

பெட்டிச் செய்தி: 'வீல்சேர் அறை' என்றால் ஒன்றல்ல

பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன.

முழு அணுகல் அறை: நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாதவர்களுக்கு. திரும்ப இடம், கட்டிலின் இருபக்கமும் வழி, தடுப்பில்லாத குளியலறை.

ஒருபக்க அணுகல் அறை: மற்றதெல்லாம் அப்படியே. கட்டிலுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் வர முடியும்.

கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கான அறை: கைப்பிடிக் கம்பிகள் இருக்கும். திரும்பும் வட்டம் இருக்கும் என்று நம்ப முடியாது. கைத்தடி, வாக்கர் வைத்து நாலடி நடப்பவர்களுக்கு ஏற்றது.

மூன்றுக்கும் விளம்பரத்தில் ஒரே வீல்சேர் சின்னம் இருக்கலாம். வகையைக் கேட்டு, அறை எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள்.

கட்டில், பிளக், துணைக்கு ஒருவர்

நோயாளியைத் தூக்கும் கருவி பயன்படுத்துகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் கருவியின் கால் நுழையுமா என்று கேட்க வேண்டும். அடிப்பலகையோடு மூடிய கட்டில் என்றால் கருவி வேலை செய்யாது. முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்குப் படுக்கைப் புண் எப்போதும் வாசலில் காத்திருக்கும் எதிரி. காற்று மெத்தையையும் நாற்காலித் திண்டையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

பேட்டரி நாற்காலி வைத்திருப்பவர்களுக்குப் பிளக் ஒரு தலைவலி. பல கப்பல்களில் அமெரிக்கத் தட்டை முனை, ஐரோப்பிய உருண்டை முனை இரண்டும் இருக்கும். நம் மூன்று முனை பிளக்குக்கு மாற்றி தேவை. வீட்டிலிருந்து கொண்டுபோகும் நீட்டிப்பு ஒயரைத் தீ ஆபத்து கருதிப் பல நிறுவனங்கள் ஏறும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கின்றன. கட்டிலுக்கு அருகில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. கப்பல் ஊழியர்கள் அன்பாக இருப்பார்கள், நாற்காலியைத் தள்ளவும் செய்வார்கள். ஆனால் தூக்கிக் கட்டிலில் விடுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது அவர்கள் வேலையில் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் இதை விதியாகவே எழுதியிருக்கின்றன. அதனால் துணைக்கு வருபவர் அதே அறையில் படுக்க இடம் வேண்டும். ஒருவரே பார்த்துக்கொண்டால் அவருக்கு அது பயணமாக இருக்காது. நம் குடும்பங்களில் அந்தப் பாரம் எப்போதும் மகள் அல்லது மருமகள் தலையில்தான் விழுகிறது. புறப்படும் முன்பே முறை போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அறை எந்தத் தளத்தில்? கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த் தளங்களிலும் ஆட்டம் குறைவு. நாற்காலியின் பிரேக் நிற்பதற்கும், தலைசுற்றல் வராமல் இருப்பதற்கும் அதுவே நல்லது. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கனமான தீத்தடுப்புக் கதவுகளையும் நீண்ட நடைகளையும் நாள் முழுக்கக் கடப்பது தோள்பட்டையை ஒடித்துவிடும். பால்கனி அறை என்றால் பால்கனிக்குப் போகும் வாசலில் தடுப்பு உண்டா, சாய்பலகை தருவார்களா என்று கேளுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்க்கவா பால்கனிக்குக் காசு கொடுக்கிறோம்?

ஆயிரம், இரண்டாயிரம் அறைகள் உள்ள கப்பலிலும் இத்தகைய அறைகள் சில பத்துகள்தான். பழைய கப்பல்களில் அதைவிடக் குறைவு. சென்னைக்கு வந்த எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலுக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானதே அந்த ஆண்டு ஜூலையில்தான். அந்தக் காலத்துக் கப்பல்களின் எலும்புக்கூட்டில் அகலமான கதவும் நடையும் பிறகு புகுத்தப்பட்டவை. பயண அறிவிப்பு வந்த சூட்டோடு பதிவு செய்யாவிட்டால் இந்த அறைகள் கிடைப்பது கடினம்.

கப்பல் கரைக்கு வராத ஊர்கள்

பயணத் திட்டத்தில் நாலு ஊர் பெயர் இருக்கும். எந்த ஊரில் கப்பல் துறைமுகச் சுவரோடு அணையும், எந்த ஊரில் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. வீல்சேர் பயணிக்கு இந்த ஒரு கேள்வி பாதித் திட்டத்தை மாற்றிவிடும்.

லட்சத்தீவு போய்வந்தவர்களுக்கு இது தெரியும். பல தீவுகளில் பவளத்திட்டைத் தாண்டிப் பெரிய கப்பல் உள்ளே போக முடியாது. வெளியே நின்றுகொள்ளும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறக்கும், கீழே சிறு படகு ஆடிக்கொண்டு நிற்கும், ஊழியர்கள் கைப்பிடித்து இறக்குவார்கள். குமரிமுனைத் துறையில் பார்த்த அதே ஏற்ற இறக்கம்தான், இம்முறை நடுக்கடலில். சொகுசுக் கப்பல்களிலும் சிறு படகில் இறங்க வேண்டிய ஊர்களில் சில படியாவது நடக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. கனமான பேட்டரி நாற்காலியை ஏற்ற மறுப்பார்கள். அலை எழும்பினால், இறக்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் கப்பல் தலைவருக்கு உண்டு. ஒரே பணம் கட்டிவிட்டு, மற்றவர்கள் தீவைச் சுற்றிவரும்வரை ஒருவர் மட்டும் மாடித்தளத்தில் காத்திருக்க நேரும்.

அறை எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஊர்கள் தவறாக இருந்தால் பயணம் பாழ். ஆகவே முதலில் ஊர்ப் பட்டியல், பிறகு கப்பல், கடைசியில் அறை. எல்லாரும் செய்யும் வரிசைக்கு இது நேர் எதிர்.

லிஃப்ட் நின்றுவிட்டால்

2004 டிசம்பர் 26 காலை. சுனாமி குமரிமுனையைத் தாக்கியபோது விவேகானந்தர் பாறையில் இருந்த நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் கரைக்குத் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். அன்று அவர்களில் ஒருவர் நடக்க முடியாதவராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கப்பலில் தீயோ வெள்ளமோ வந்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. ஏழாம் தளத்தில் உள்ளவர் உயிர்காப்புப் படகு இருக்கும் தளத்துக்கு எப்படி வருவார்? இதற்கு உலக விதி இருக்கிறது. கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, அவசர நேரத்தில் தனக்கு உதவி தேவைப்படும் என்று அறிவித்த பயணிகளின் விவரம் பதிவு செய்யப்பட்டு, புறப்படும் முன்பே கப்பல் தலைவரிடம் சேர்க்கப்பட வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு, பயணிகளுக்கான பாதுகாப்பு ஒத்திகையைப் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்ற விதி 2015-ல் நடைமுறைக்கு வந்தது.

விதியில் உள்ள 'அறிவித்த பயணிகள்' என்பதைக் கவனியுங்கள். சொல்லாதவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். சொன்னால் டிக்கெட் தர மறுத்துவிடுவார்களோ என்று பயந்து நோயை மறைத்துப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. கப்பலில் அது உயிரோடு விளையாடுவது. பதிவின்போதே சிறப்புத் தேவைப் படிவத்தை நிரப்புங்கள். ஏறிய முதல் மணி நேரத்திலேயே கூடும் இடம் எது, படியில் இறக்கும் நாற்காலி இருக்கிறதா, நம் அறைக்கு யார் வருவார்கள் என்று நேரில் கேளுங்கள். ஒத்திகை நடக்கும்போது அம்மாவை அறையில் விட்டுவிட்டு நாம் மட்டும் போகக் கூடாது. ஒத்திகை அவருக்காகத்தான்.

பெட்டிச் செய்தி: சட்டம் எங்கே நிற்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: எல்லாவகைப் போக்குவரத்தும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 41-ஆம் பிரிவு. பழைய வாகனங்களை மாற்றியமைப்பதற்கு மட்டும், தொழில்நுட்ப ரீதியாக முடிந்தால், பாதுகாப்பானதாக இருந்தால், செலவு தாங்கினால், பெரிய கட்டமைப்பு மாற்றம் தேவைப்படாவிட்டால் என்று நிபந்தனைகள் உண்டு.

2024 நவம்பர் 8: ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்றது உச்ச நீதிமன்றம். கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க உத்தரவிட்டது.

வெளிநாட்டில்: அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005-ல், நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனத்தின் மீது பயணிகள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சந்தைக்குப் போகும் கப்பல்களில் வசதி கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் முனையில் என்ன செய்யலாம்?

கப்பலுக்குப் பணம் உள்ளவர்கள் எத்தனை பேர்? குமரிமுனைப் படகுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகிறார்கள். கேரளத்திலிருந்து, வடக்கிலிருந்து, வெளிநாட்டிலிருந்து. 1970-ல் விவேகானந்தர் நினைவு மண்டபம், 2000 ஜனவரி 1-ல் 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. பாலம் வந்ததால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. முன்பு கரையிலிருந்து ஒரு பாறை, அங்கிருந்து இன்னொரு பாறை, பிறகு கரை என்று மூன்று முறை படகேற வேண்டும். இப்போது போக ஒருமுறை, வர ஒருமுறை. கடல்மட்டம் இறங்கும் நாட்களில் சிலைக்குப் படகு போகாது என்ற நிலையும் மாறியது.

ஆனால் பாலத்துக்குப் போகவே படகில் ஏறியாக வேண்டும். சிலையின் பீடத்துக்குள் பாதம்வரை 140 படிகள். எல்லாப் படிக்கும் லிஃப்ட் வைக்கச் சொல்லவில்லை. பாறையில் இறங்கி, பாலத்தின் நடுவில் நின்று, மூன்று கடலும் சேரும் இடத்தை ஒரு மனிதர் தன் நாற்காலியில் இருந்தபடி பார்க்க வழி வேண்டும். அதற்கு முதல் தடை அந்தப் படகு ஏறும் இடம்தான்.

முடியுமா என்று கேட்டால், பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 25-ல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் துறையே மிதவையாக இருக்கிறது. தண்ணீர் ஏறினால் துறையும் ஏறும், இறங்கினால் இறங்கும். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்த படகுகளின் தளமும் மிதவையின் தளமும் ஒரே மட்டம். வீல்சேர் உருண்டு உள்ளே போய்விடுகிறது, யாரும் யாரையும் தூக்க வேண்டாம். கொச்சியில் இருப்பது காயல், குமரியில் இருப்பது திறந்த கடல் என்பது உண்மையான வேறுபாடு. தென்மேற்குப் பருவத்தின் பேரலையில் கொச்சியின் மிதவையை அப்படியே கொண்டுவந்து கட்ட முடியாது. ஆனால் அலை மிகுந்த நாட்களில் இங்கே படகுகளே ஓடுவதில்லை. படகு ஓடும் நாட்களுக்கு ஏற்ற ஒரு வழி போதும். அலைத்தடுப்பின் மறைவில் ஒரு மிதவை, அல்லது படகின் அசைவோடு சேர்ந்து மடங்கி ஏறி இறங்கும் அகலமான இணைப்புப் பலகை, கூட்டம் குறைந்த காலை நேரத்தில் இதற்கென்று ஒரு நடை, தூக்கும் முறையில் பயிற்சி பெற்ற நால்வர். இதில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் அல்ல.

செய்தபின் பராமரிப்பதும் சேர்ந்துதான் வேலை. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. பல ஆண்டுகளாகப் போராடிய பிறகு, அலை காலைத் தொடும் தூரம்வரை வீல்சேரில் போனவர்கள் அன்று அழுதார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. சரிசெய்தார்கள், மறுபடி திறந்தார்கள். கடலோரத்தில் எதைக் கட்டினாலும் ஆண்டுதோறும் செப்பனிடப் பணம் ஒதுக்கியே கட்ட வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

குமரிமுனையில் குகன், பொதிகை, விவேகானந்தா என்ற பெயர்களில் படகுகளை இயக்குவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரண்டு படகுகள் அண்மை ஆண்டுகளில் சேர்ந்தவை. இனியும் படகுகள் வாங்கப்படும். பழைய படகை மாற்றச் சொன்னால் கட்டமைப்பு இடம் தராது என்று சட்டத்தின் நிபந்தனையையே காரணம் காட்ட முடியும். புதிய படகுக்கு அந்தக் காரணம் கிடையாது. டெண்டர் ஆவணத்தில் ஏறும் வாசலின் திறப்பு 90 செ.மீ., வாசலில் தடுப்பு கூடாது, உள்ளே நாற்காலியைக் கட்டி நிறுத்தக் கொக்கிகளோடு இரண்டு இடம், மடக்கு இணைப்புப் பலகை என்று நாலு வரி சேர்த்தால், கப்பல் கட்டும் தளம் அதையும் சேர்த்து விலை சொல்லும். அடுத்த டெண்டர் எழுதப்படுவதற்கு முன்பு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் மூலம் நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பகுதிகளில் வீல்சேர் பயன்படுத்தும் சிலரைத் துறைக்கு அழைத்து, படகு ஓடும் ஒரு நாளில் அவர்களை வைத்தே அளந்து பார்க்க வேண்டும்.